மாரியை நம்பிய மனை

சென்ற திங்கள் வாசகி ஒருவர் எழுதிய கடிதம் நம் மேசைமேற் கிடக்கின்றது. நுவரெலியாவிற் பிறந்து வளர்ந்தவர். மணமுடித்து வடமராட்சியிற் கணவரின் வளவுக்கு வந்து ஓராண்டு ஆகின்றதாம். தாய்வீட்டில் முற்றத்தை ஒட்டிய பாத்திகளில் கரட்டும் கோவாவும் செழித்து நிற்பதைப் பார்த்துப் பழகியவர், வந்தவுடன் சித்திரையில் அதே பாத்திகளை இங்கும் அமைத்தார். "இப்ப வேண்டாம் பிள்ளை, ஐப்பசி வரட்டும்" என்று மாமியார் சொன்னாராம். வயதானவர் பேச்சென்று அதை விட்டுவிட்டு, காலையும் மாலையும் இயந்திரத்தால் நீர் இறைத்துப் பாய்ச்சினார். வைகாசி முடிவதற்குள் கோவா இலை சுருண்டது. கரட்டு வேர் பருக்கவில்லை. அவ்வளவோடு நின்றிருந்தால் அது சிறு நட்டமே. ஆனால், ஆனி மாதத்திற் கிணற்றுத் தண்ணீர் சவர்க்கத் தொடங்கிவிட்டது. "தோட்டம் போனதற்கு நான் அழவில்லை, குடிக்கிற தண்ணீரை என் கையாற் கெடுத்துவிட்டேனோ என்றுதான் அஞ்சுகிறேன்" என்று அச்சகோதரி எழுதுகின்றார்.

இக்கடிதம் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. இடம்பெயர்ந்து வேற்றூர்களில் வளர்ந்து, இப்போது பெற்றோரின் காணிக்குத் திரும்பியிருக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. அவர்களுக்கு ஊக்கம் உண்டு. உழைக்கும் கையும் உண்டு. ஆனால், இல்லத்தை நடத்தும் கைத்திறன் என்பது எங்கிருந்தும் பெயர்த்துக் கொண்டுவரக் கூடிய பொருளன்று. அது மண்ணோடும் மழையோடும் சேர்ந்தே பிறப்பது. ஆறாயிரம் அடி உயரத்து மலைநாட்டிற் சிறந்த அறிவாயிருப்பது, கடல்மட்டத்தை ஒட்டிய சுண்ணக்கல் நிலத்திற் கேடாய் முடியலாம். ஆதலால், யாழ்ப்பாணக் குடாநாட்டிற் குடியிருப்போர் முதலிற் கற்க வேண்டிய திறன்கள் யாவை என்பதை இவ்வாரம் ஒழுங்காகப் பார்ப்போம்.

காலம் அறிதல்

முதற் பாடம் காலம் அறிதல். நம் நாட்டின் உலர்வலயத்தைச் சேர்ந்தது குடாநாடு. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அதிற் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களிலேயே வந்துவிடும். சித்திரையில் இடியோடு சில நாள் மழை கிடைக்கலாம். அதன்பின் வைகாசியிலிருந்து ஆவணி வரையில் தென்மேற்கிலிருந்து வீசுகின்ற சோளகம், மழையைத் தெற்கிலும் மலைநாட்டிலும் இறக்கிவிட்டு, வறண்ட காற்றாகவே நம்மிடம் வந்து சேருகின்றது. அது வீசும் நாள்களில் வாட்டமான இலைக்கு எவ்வளவு நீர் ஊற்றினாலும் ஈடு செய்ய இயலாது.

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது நாமெல்லாரும் அறிந்த பழமொழி. தமிழகத்தின் ஆற்றங்கரைகளிற் புதுவெள்ளம் வருகின்ற காலம் ஆடி. அங்கே அம்மொழி பொருந்தும். நமக்கோ ஆற்றுவெள்ளம் இல்லை. வழுக்கியாறு என்று பெயர் கொண்ட ஒன்று உண்டெனினும் அதுவும் மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கத்திற் கடலை அடைவது. மூத்தோர் மொழியேயாயினும், அது எந்த ஊர் மழையைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்று கேட்டறிந்த பின்னரே கைக்கொள்ளுதல் வேண்டும்.

கோவா, கரட்டு, பீற்றூட் ஆகியவை நம் மண்ணுக்கு ஒவ்வாதவை என்று எண்ண வேண்டா. மாரிக்காலத் தொடக்கத்திற் பந்தல் நிழலிலே கோவா நாற்றை வளர்த்து, அடைமழை தணிந்தபின் நட்டால், மார்கழி, தை மாதங்களின் பனியிலும் குளிரிலும் அது நன்றாக வளரும். கரட்டு விதையை நேரே பாத்தியில் இடலாம். கோடைக்கு உரியவை வேறு. வெண்டி, பயிற்றை, பாகல், மரவள்ளி, முருங்கை ஆகியவை வெப்பத்தைத் தாங்குவன. மாமியார் ஐப்பசி வரட்டும் என்று சொன்னது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

நிலத்தடி நீர்

இரண்டாம் பாடம் நீர். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மாரியிற் பெய்யும் மழை மண்ணூடு இறங்கிச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகின்றது. அதுவே நம் கிணற்று நீர். அந்த நன்னீருக்குக் கீழே கடலின் உப்புநீர் இருக்கின்றது. நன்னீர் எடை குறைந்ததாகையால் உப்புநீரின்மேல் மிதக்கின்றது. நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலநூலார் கணக்கு. இதன் மறுபக்கத்தை எண்ணிப் பாருங்கள். மிதமிஞ்சி இறைத்து மேல்மட்டத்தை 1 அடி தாழ்த்தினால், கீழேயுள்ள உப்புநீர் 40 அடி வரையில் மேலெழ இடமுண்டு. துலாவினாலும் பட்டையினாலும் இறைத்த நாளில் மனிதன் களைத்தபோது கிணறும் இளைப்பாறியது. ஊற்று மீண்டும் நிறைந்தது. 1950களுக்குப் பின் இயந்திரங்கள் பரவின. இயந்திரத்துக்குக் களைப்பு இல்லை.

இதற்காக இயந்திரத்தை எறிந்துவிடும்படி யாம் சொல்லவில்லை. விட்டுவிட்டு இறைக்கும் வழக்கத்தை மட்டும் மீட்க வேண்டும். ஒரே மூச்சிற் கிணற்றடி தெரியும் வரை இறைக்காமல், சிறிது நேரம் இறைத்து, ஊறவிட்டு, மறுபடி இறைத்தல் நன்று. கோடையிற் பாத்திகளைச் சருகாலும் வைக்கோலாலும் மூடினால் ஈரம் நிற்கும். வெயில் ஏறுமுன் காலையிலோ, தாழ்ந்தபின் மாலையிலோ மட்டும் நீர் விடவேண்டும். கொடிப்பந்தலின் அடியிற் சுட்ட மண்பானை ஒன்றைக் கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி மூடிவிட்டால், பானையின் உடல்வழியே கசியும் நீர் வேருக்கு நேரே செல்லும். கிணற்றடியிற் குளிக்கும் நீரும் அடுப்படி நீரும் வாழைக்கும் தென்னைக்கும் ஓடும்படி வாய்க்கால் வெட்டுதல் நம் முன்னோர் வழக்கம். சவர்க்காரம் மிகுந்த நீரைக் கீரைப் பாத்திக்கு விடலாகாது.

இனிக் கூரையைப் பாருங்கள். 100 சதுர மீற்றர் பரப்புள்ள ஓட்டுக் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 100 லீற்றர் நீர் விழுகின்றது. ஆண்டு முழுவதற்கும் 1,250 மில்லிமீற்றர் எனக் கொண்டால் 125,000 லீற்றர். தெறித்தும் ஆவியாகியும் ஐந்தில் ஒரு பங்கு போனாலும் 100,000 லீற்றர் எஞ்சும். ஐவர் கொண்ட குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 25 லீற்றர் செலவிட்டால், 5,000 லீற்றர்த் தாங்கி ஒன்று 200 நாளுக்குப் போதும். தைமாதக் கடைசியில் நிறைந்த தாங்கி ஆடி வரை தாங்கும். முதல் மழையிற் கூரைத் தூசும் பறவை எச்சமும் கழுவப்படுமாகையால் அதனைப் புறத்தே விட்டுவிட வேண்டும். தாங்கியின் வாயை நுண்ணிய வலையால் மூடாவிட்டால் நுளம்பு பெருகும். குடிக்குமுன் நீரைக் கொதிக்க வைத்தல் தவறக்கூடாது. தாங்கிக்கு மிஞ்சிய நீரைக் கல்லும் மணலும் இட்ட குழியொன்றில் இறக்கிவிட்டால் அது நிலத்தடியைச் சேரும். இதனைக் கிணற்றுக்குள் நேரே விடுதல் தகாது.

வேலியும் குழையும்

மூன்றாம் பாடம் வேலி. மதில் கட்டுவது பெருமை என்று எண்ணும் காலம் இது. ஆயினும், கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் நின்ற உயிர்வேலி, காவலோடு நின்றுவிடவில்லை. அது சோளகத்தின் வேகத்தைத் தணித்தது. ஆட்டுக்குக் குழை தந்தது. தோட்டத்துக்குப் பசளையும் தந்தது. செம்மண் தோட்டங்களிற் குழை தாழ்த்தல் என்பது பழைய முறை. பாத்தியருகே சால் வெட்டி, வேலியிற் கொய்த இலைதழையை இட்டு மண்ணால் மூடிவிடுவார்கள். அது உக்கி மண்ணை இளக்கும். ஈரத்தைப் பிடித்து வைக்கும். மாரித் தொடக்கத்திற் கதியால்களை நட்டால் வேர் கொள்ளுதல் எளிது. மதில் உள்ளவர்களும் அதன் உட்புறமாக ஒரு வரிசை நடலாம்.

இதிலும் குடிநீரைப் பற்றிய செய்தியொன்று உண்டு. சுண்ணக்கல் நிலம் நீரை விரைவாக இறக்குவது. பயிருக்கு மிஞ்சி இடும் செயற்கை உரம் அந்நீரோடு சேர்ந்து கிணற்றுக்கே வருகின்றது. குடாநாட்டின் தோட்டப் பகுதிகளிற் பல கிணறுகளில் நைத்திரேற்று அளவு மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட நீரிற் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் குருதி உயிர்வாயுவைச் சுமக்கும் ஆற்றல் குறைந்து உடல் நீலம் பாரிக்கும் நோய் வரலாம். இந்த நைத்திரேற்றைக் கொதிக்க வைத்துப் போக்க இயலாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். குழந்தையுள்ள வீட்டார் கிணற்று நீரை ஆய்வுகூடத்திற் கொடுத்துச் சோதிப்பது கடமை.

2021 மே மாதத்தில் அரசாங்கம் இரசாயன உரத்தின் இறக்குமதியைத் தடைசெய்து, அவ்வாண்டு நவம்பரில் அத்தடையை நீக்கிக்கொண்டதை யாவரும் அறிவர். ஒரே நாளிற் பழக்கத்தை மாற்றும்படி உழவனைப் பணித்ததால் நெல்லும் தேயிலையும் பட்ட துன்பம் சிறிதன்று. மண்ணின் வளத்தை ஆண்டுக்கணக்காகக் குழையாலும் சாணத்தாலும் சிறிது சிறிதாகவே கூட்டவேண்டும். வீட்டுத் தோட்டம் அதனைத் தொடங்குவதற்கு ஏற்ற இடம். தவறினாற் போவது ஒரு பாத்திக் கத்தரி மட்டுமே.

பனையின் ஆண்டு

நான்காம் பாடம் பனை. மழையின்றியும் நிற்பது, புயலுக்கும் எளிதில் வீழாதது. ஆடி, ஆவணியிற் பழம் விழுகின்றது. தோலை நீக்கிச் சிறிது நீர் விட்டுப் பிசைந்து, தும்பு போக வடித்த களியைப் பாயிற் பரவி, வெயிலிற் காயவிடுவர். மறுநாள் அதன்மேல் இன்னொரு படை. இவ்வாறு பல நாள் ஊற்றிக் காய்ந்த பின் உரித்தெடுப்பது பினாட்டு. சோளகம் வீசும் வறண்ட நாள்கள் இத்தொழிலுக்கென்றே வாய்த்தவை போலும்.

பழம் பிசைந்தபின் எஞ்சிய கொட்டைகளை எறிந்துவிடாமல், மண்ணை நன்றாக இளக்கிய பாத்தியில் அடுக்கி மண்ணால் மூடுவர். அதற்கு நீர் ஊற்றுபவர் எவரும் இல்லை, மாரியே ஊற்றும். தை, மாசியிற் கிழங்கு கிண்டலாம். பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல்; அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். மாசி, பங்குனி வெயில் அதனை உலர்த்தித் தரும். ஒடியலை இடித்த மாவை நீரில் ஊறவிட்டு, அந்நீரை வடித்துக் கசப்பைப் போக்கியபின் கூழுக்கும் பிட்டுக்கும் கொள்ள வேண்டும். பழம் விழும் காலம், வெயிற் காலம், மழைக்காலம், மறுபடியும் வெயிற் காலம் என்று நம் ஊர் ஆண்டு முழுவதும் இந்த ஒரு தொழிலுக்குள் அடங்கியிருப்பதைக் காண்க.

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், மண்ணெண்ணெய் அரிதாகிப் போத்தலுக்குள் ஒரு துண்டுப் பஞ்சுத்திரி எரித்துப் படித்த பிள்ளைகள் இன்று பெற்றோராய் இருக்கின்றனர். அந்நாளிற் கடையில் இல்லாதபோதும் வளவில் இருந்தவை ஒடியலும் மரவள்ளியும் முருங்கையிலையும். 2022இல் எரிவாயுவுக்கும் எண்ணெய்க்கும் வரிசையில் நின்றபோது அந்த நினைவு பலருக்கு வந்திருக்கும். நல்ல காலத்திற் பழகாத கைக்குத் தீய காலத்தில் ஒரு திறனும் திடீரென்று வந்து சேராது.

உலர்த்தலும் விதை காத்தலும்

ஐந்தாவது, விளைந்ததை வைத்துக் காத்தல். நம் கோடை கொடியது என்று குறை சொல்கின்றோம். அக்கோடையே செலவில்லாத அடுப்பு. பங்குனி, சித்திரையில் வேம்பு பூக்கும்போது பூவைச் சேர்த்து வடகம் இடலாம். மிளகாயை மோரிலும் உப்பிலும் ஊறவிட்டு, பகலிற் காயவைத்து, இரவில் மீண்டும் அம்மோரிலிட்டு, மோர் வற்றும்வரை இவ்வாறு செய்தல் வேண்டும். கத்தரியையும் பாகலையும் மெல்லிய வில்லைகளாக அரிந்து உப்பிட்டு உலர்த்தலாம். ஈ மொய்க்காமல் மெல்லிய துணியால் மூடுக. பொழுது சாயுமுன் உள்ளே எடுக்க. சூடு ஆறியபின்னரே போத்தலில் இட்டு மூடுக. சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையையும் கொப்பராவையும் கழுவித் தின்னலாம் என்று எண்ணுவது தவறு. அவற்றில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு இருக்கலாம். அவற்றை எறிந்துவிடுவதே முறை.

விதையும் இவ்வாறே. முதலிற் காய்த்த, நோயற்ற, நல்ல காயொன்றைப் பறிக்காமல் கொடியிலேயே முற்றவிடுக. விதையை நிழலில் உலர்த்தி, சலித்த சாம்பலோடு கலந்து, மூடிய போத்தலில் இட்டு, பெயரும் மாதமும் எழுதி ஒட்டி வைக்க. வெங்காய விதைப்பிடிகளைக் காற்றோட்டமான வளையிற் கட்டித் தொங்கவிடுதல் வழக்கம். கடையில் வாங்கும் கலப்பின விதையிலிருந்து எடுக்கும் விதை தாயைப் போலக் காய்க்காது. ஆகையால் விதை காக்க விரும்புவோர் ஊர்வகைகளைத் தேடிக்கொள்ள வேண்டும்.

மாணவர்க்கு ஒரு வேலை

மாரி எப்போதும் சொன்ன நாளில் வருவதில்லை. 2008 நவம்பரில் நிஷாப் புயலோடு வந்த மழையில் யாழ்ப்பாணம் வெள்ளத்தில் மூழ்கியது. வேறு ஆண்டுகளிற் கார்த்திகையும் காய்ந்ததுண்டு. ஆகவே, பழைய கணக்கைக் கற்றபின் புதிய கணக்கையும் எழுதிவர வேண்டும். மாணவர்கள் நேரான பக்கமுடைய தகரப் பேணி ஒன்றை, மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் நிறுத்துக. மழை பெய்த மறுநாட் காலையில் அடிமட்டத்தால் நீரின் உயரத்தை மில்லிமீற்றரில் அளந்து, குறிப்புப் புத்தகத்தில் எழுதிப் பேணியைக் கவிழ்த்துவிடுக. அருகே கிணற்றின் நீர்மட்டத்தையும் கயிற்றால் அளந்து எழுதுக. இரண்டு மாரி கண்ட குறிப்புப் புத்தகம், உங்கள் வளவைப் பற்றி வேறெந்த நூலும் சொல்லாததைச் சொல்லும்.

இனி, கடிதம் எழுதிய சகோதரிக்கு ஒரு சொல். அஞ்ச வேண்டா. கோடையிற் சவர்த்த கிணறு, இறைப்பதைக் குறைத்து ஒரு நல்ல மாரியைக் கண்டால் பெரும்பாலும் தெளியும். இப்போது குடிக்கவும் சமைக்கவும் வேண்டிய அளவு மட்டும் மெதுவாக எடுங்கள். காய்ந்த பாத்திகளைச் சருகிட்டு மூடிவிடுங்கள். கூரைப்பீலியை மாரிக்கு முன்னரே பொருத்துங்கள். தை முடிவில் நீரைச் சோதித்துப் பாருங்கள்.

இன்னும் ஒன்று உண்டு. எம் பாட்டியார் கிணற்றுநீரில் ஒரு துளியை நாவில் வைத்து, "இன்னும் பத்து நாளைக்கு மிளகாய்க்கு இறைக்கலாம், அதற்குமேல் வேண்டாம்" என்று சொல்வார். பத்து என்று எப்படிக் கண்டார் என நாம் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்க நினைத்த காலத்தில் அவர் இல்லை. உங்கள் வீட்டில் "ஐப்பசி வரட்டும்" என்று சொல்லக்கூடிய ஒருவர் இன்னும் இருக்கின்றார். ஆடியிற் பனம்பழம் விழத்தொடங்கியதும் பாயை எடுத்துக்கொண்டு மாமியாருக்கு அருகில் உட்காருங்கள். களியை அவர் ஊற்றட்டும், படையை நீங்கள் பரவுங்கள். எத்தனை நாள், எவ்வளவு தடிப்பு என்று ஒவ்வொன்றாய்க் கேளுங்கள். வெட்கப்பட வேண்டா, கேட்கப்படுவதற்காகவே அவர் காத்திருக்கக் கூடும்.

கோவா நாற்றுக்கு ஐப்பசியிற் பந்தல் போட மறவாதீர்கள். தையில் அது உருண்டு திரண்டதும் நமக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.